கேள்வி கேட்பவரின் நாற்காலி

அத்தியாயம் ஒன்பது

கடிதம் வந்து ஐந்து நாளாகிவிட்டது. இந்த ஐந்து நாளில் கமலினி தன் கணவரிடம் உண்மையைச் சொல்ல ஏழு முறை வாயைத் திறந்தாள். ஏழு முறையும் அவள் முடிப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.

நூலகத்திலிருந்து வந்த கடிதம் அது. வரும் சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் கேள்வி கேட்பவராக அமர இயலுமா என்று கேட்டிருந்தார்கள். உறையின் மேல் ‘கே. நாகசுப்பிரமணியன்’ என்று இருந்தது. கே என்றால் கமலினி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருக்க, கணவரின் பெயரையே எடுத்து அவளுக்கும் ஒட்டினார்கள். ஆனால் கணவரும் கே. நாகசுப்பிரமணியன்தான். அவருடைய கே அவர் அப்பா காந்திமதிநாதனுடையது.

திங்கட்கிழமை காலை உறையை அவர்தான் பிரித்தார். படித்தார். கேள்வி கேட்பவர் என்பதைப் பேச்சாளர் என்று எடுத்துக்கொண்டார். தனக்கு வந்தது என்றே நினைத்தார். நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊர் விவசாயக் கல்லூரியின் மண்ணியல் பேராசிரியர் அவர். போன வசந்தத்தில் இதே நூலகத்தில் ‘உங்கள் தோட்டத்து மண்’ என்று படம் காட்டிப் பேசியவர்.

“தத்துவம் பேசக் கூப்பிடுறாங்க, கமலி! மண்ணுக்கு அடுத்தது மனுஷன்தானே?” என்று அவர் முகமெல்லாம் மலர்ந்து நின்றபோது, கமலினி சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

“நல்லதுங்க.”

அந்த நல்லதுங்கதான் இந்த ஐந்து நாளாக அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது.

இன்று சனிக்கிழமை. கூட்டம் இரண்டு மணிக்கு.

“அப்பா பேச்சு எழுதி இருபத்தேழாவது பக்கத்துல இருக்கார்,” என்றாள் வசுமதி, சமையலறை மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு. பதினாலு வயது. இந்த ஊரிலேயே வளர்ந்தவள். “எங்க ஸ்கூல்ல மூணு பக்கத்துக்கு மேல எழுதினா மார்க்கைக் குறைச்சுடுவாங்க.”

“மேஜையை விட்டு இறங்கு. மெதுவாப் பேசு.”

“எதுக்கு மெதுவா? அது உன்னோட லெட்டர். உன்னோட க்ரூப். என் ஃப்ரெண்ட் யாராவது இப்படி வாயை மூடிட்டு இருந்தா, லூசுன்னு சொல்லுவேன்.”

“சொல்லத்தான் போறேன்.”

“எப்போ? அவர் பேசி முடிச்சு, எல்லாரும் கைகுடுத்தப்புறமா?”

கமலினி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். விதை விழுந்தது. எடுத்துப் போட்டாள். இன்னொன்று விழுந்தது.

வசுமதிக்கு உண்மை தெரிந்தது செவ்வாய்க்கிழமை. அம்மாவின் அலமாரியில் குண்டூசி தேடியவள், ஊரிலிருந்து வரும் தினசரி காலண்டரின் கிழித்த தாள்கள் ஒரு கட்டாக இருப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஒரு கேள்வி. மொத்தம் நாற்பத்தொன்று. “அம்மா, இதெல்லாம் என்ன?” என்று கேட்டாள். அந்த வீட்டில் அவளாவது கேட்டாள்.

மூன்று வருஷமாக மாதம் இரண்டு சனிக்கிழமை கமலினி அந்த நூலகத்துக்குப் போகிறாள். அவர்தான் காரில் கொண்டுவிடுவார். “புஸ்தகம் மாத்தப் போறியா? சரி, நாலு மணிக்கு வர்றேன்,” என்பார். புத்தகம் மாற்ற இரண்டு மணி நேரமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. முதலில் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. பிறகு, சொல்லாமல் இருப்பதே ஒரு ருசியாகிவிட்டது. எட்டு அறை வீட்டில் தனக்கென்று பூட்டிவைத்த ஒரு சின்ன அலமாரி மாதிரி.

திங்கட்கிழமை அவர் கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுகூட, அவள் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தாள். ‘கமலி, நீ போற லைப்ரரிதானே இது? உனக்கு இந்த வட்டத்தைத் தெரியுமா?’ என்று ஒரு கேள்வி. ஒரே கேள்வி. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

அவர் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துக் கல்லூரி நாள் நண்பர் டாக்டர் மணிவாசகத்துக்குச் சுழற்றினார்.

இப்போது படிப்பறைக் கதவு திறந்தது. கையில் இரண்டு டைகளோடு அவர் வந்தார். வசுமதி அம்மாவின் விலாவில் ஓர் இடி இடித்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

“என்னங்க, அந்த லைப்ரரி லெட்டர்...”

“பத்திரமா இருக்கு. கோட்டுப் பையில.”

“அதில்லை. அந்த லெட்டர் யாருக்கு...”

“யாருக்கும் காட்டலை. மணிவாசகத்துக்கு மட்டும்தான். மஞ்சளா, நீலமா? நீலம்தான். மஞ்சள் கட்டினா கல்யாண வீடு மாதிரி இருக்கும்.”

ஏழாவது முறையும் இப்படியே போயிற்று. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. மஞ்சள் டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் அவளுக்கு மிஞ்சிய வேலை.

“அந்தப் புஸ்தகத்தைப் படிச்சீங்களா?” என்றாள். இது எட்டாவது முயற்சி.

“கலைக்களஞ்சியத்துல ஒரு பத்தி இருக்கு, பார்த்துட்டேன். மொத்தமே அறுபது பக்கம், கமலி. ஒரு கிரேக்கன் அறுபது பக்கத்துல என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாதா?”

கண்ணாடி முன்னால் நின்று டையைக் கட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்ட மனிதராக இருந்தால் எப்போதோ சண்டை போட்டிருக்கலாம். திருநெல்வேலியில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் எழுந்து பதில் சொன்னாராம். அதற்காக எல்லோரும் தட்டிக்கொடுத்தார்களாம். அந்தப் பையன் இன்னும் உட்காரவே இல்லை. அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷமாக ‘ஆமாங்க’ சொல்லிச் சொல்லி அவரை உட்காரவிடாமல் வைத்திருப்பதில் தனக்கும் பங்கு உண்டு என்று கமலினிக்குத் தெரியும். ஆமாம் என்பது சின்ன வார்த்தை. ரசம் கொதிக்கும்போது, குழந்தை அழும்போது, விருந்தாளி வாசலில் நிற்கும்போது, அதைச் சொல்வது சுலபம்.

அந்தப் புத்தகம் அவளிடம் இருந்தது. எழுதியவர் பெயர் தெரியாத பழைய கிரேக்க உரையாடல். வட்டத்தார் வருஷத்துக்கான பட்டியலை ஜனவரியிலேயே கொடுத்துவிடுவார்கள். பழைய புத்தகக் கடையில் அப்போதே வாங்கிவிட்டாள். மூன்று பேர் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து ஒரு கப்பலுக்காகக் காத்திருக்கிறார்கள். வரப்போகிற நண்பனை அவர்களுக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஒருவரைத் தெரியும் என்றால் என்ன அர்த்தம் என்று பேச்சு ஆரம்பிக்கிறது. அறுபது பக்கமும் அதுதான்.

இரண்டு மாதமாக அந்தப் புத்தகம் அவள் கைப்பையில் பால்கடைக்கும் பல் டாக்டரிடமும் போய்வந்திருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுதி எழுதி அச்செழுத்தைவிட அவள் எழுத்தே அதிகமாகிவிட்டது. இன்று காலை ஒருமுறை புரட்டியவள், கடைசிப் பக்கத்து ஓரத்தில் இருந்ததை மட்டும் அழித்துவிட நினைத்தாள். ரப்பர் கிடைக்கவில்லை. குக்கர் விசில் அடித்தது. மூடிப் பைக்குள் போட்டாள்.

பன்னிரண்டரைக்கு மணிவாசகமும் அவர் மனைவி கிரிஜாவும் வந்து சேர்ந்தார்கள். மணிவாசகமும் திருநெல்வேலிக்காரர், அதனால் நாகசுப்பிரமணியன் அவருக்கு அண்ணாச்சி, கமலினி மதினி. கிரிஜா சென்ட் லோரன்ட் என்ற ஊரில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றுப்பனியை வாசலில் தட்டிக்கொண்டே, “அக்கா, எலுமிச்சை வாசம் ரோடு வரைக்கும் வருது,” என்றாள்.

சாப்பிடும்போது பேச்சு முழுக்க அண்ணாச்சியின் சொற்பொழிவைப் பற்றித்தான்.

“காலேஜ்ல அண்ணாச்சி பேசினா ஹாலே அதிரும், மதினி. நான் அப்போ ஜூனியர். மேஜையைத் தட்டுவோம் பாருங்க, ப்ரின்சிபால் ரூம்ல மைக்கூடு ஆடும்.”

“கைதட்டினா நாடகக் கொட்டகை. மேஜையைத் தட்டினாத்தான் சபை,” என்றார் நாகசுப்பிரமணியன், அப்பளத்தை நொறுக்கியபடி. “நாங்க பார்லிமென்ட் மாதிரி நடத்தினோம்.”

கமலினியின் கை கரண்டியோடு நின்றது.

அந்த வட்டத்துக்கு மூன்று விதிகள் உண்டு. புத்தகத்தைப் படித்தவர்தான் பேசலாம். புத்தகத்தில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசலாம். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காருபவர் கேள்வி மட்டுமே கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு பதில்கூட, ஒரு கருத்துகூடச் சொல்லக்கூடாது. யாராவது விதியை மீறினால் மற்றவர்கள் விரல் முட்டியால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார்கள். மரியாதையாக, வாயால் சொல்லாமல், நிறுத்துங்கள் என்பதற்கு அதுதான் வழி.

மூன்று வருஷத்துக்கு முன் முதல் நாள் அவள் ஏதோ ஒன்றைத் தன் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தாள். மேஜை தட்டப்பட்டது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து முகம் சிவந்து இன்னும் இரண்டு வாக்கியம் பேசினாள். கூட்டம் முடிந்தபின் வட்டத்தை நடத்தும் மிஸ் கார்மைக்கேல் தோளைத் தொட்டு விளக்கினார். அன்று இரவு முழுக்க அவளுக்குக் காது சுட்டது.

“அங்க மேஜையைத் தட்டினா...” என்று ஆரம்பித்தாள். ஒன்பதாவது முறை.

“தட்டுவாங்க, தட்டுவாங்க. முதல்ல நான் பேசணும்ல?” என்று சிரித்தார் அவர். “மோர் ஊத்து.”

மோர் ஊற்றினாள். வசுமதி தட்டை நகர்த்திவிட்டு எழுந்த சத்தம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

நூலகத்தின் பின்னறையில் பத்துப் பேர் வட்ட மேஜையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். எல்லாம் மடக்கு நாற்காலிகள். ஜன்னலோரம் ஒன்று மட்டும் கைப்பிடி வைத்தது.

“கமலினி!” என்று மிஸ் கார்மைக்கேல் எழுந்து வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. “தயாரா? மிஸ்டர் அப்ரமோவிச் உங்களை மடக்கப் போவதாகக் காலையிலிருந்து...”

“நாகசுப்பிரமணியன்,” என்று நடுவில் கை நீண்டது. “கடிதத்துக்கு மிக்க நன்றி. எனக்குப் பெரிய கௌரவம்.”

கையைக் குலுக்கினார். நேராக நடந்தார். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து இருபத்தேழு பக்கங்களை எடுத்து மேஜைமேல் தட்டிச் சமன் செய்தார்.

மிஸ் கார்மைக்கேல் கமலினியைப் பார்த்தார். புருவம் மெல்ல உயர்ந்தது. கேள்விதான் அது. இந்த ஊரில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஐந்து வினாடி அவர் காத்திருந்தார். அந்த ஐந்து வினாடி கமலினியின் கையில் இருந்தது.

“இருக்கட்டும்,” என்றாள் ஆங்கிலத்தில். “அவர் பேசட்டும்.”

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இன்னொரு நல்லதுங்க! சுவரோரம் விருந்தினருக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் கிரிஜாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வசுமதி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாகசுப்பிரமணியன் ஆரம்பித்தார். கிரேக்கர்களின் வயல்களிலிருந்து ஆரம்பித்தார். களிமண்ணுக்கும் மணலுக்கும் வித்தியாசம் சொன்னார். மண்ணைச் சோதித்தால் எந்தப் பயிர் வரும் என்று சொல்லிவிடலாம். மனிதனையும் அப்படியே என்றார்.

டொக் டொக்.

மிஸ்டர் அப்ரமோவிச்தான் முதலில். ஐம்பது வருஷம் ஃபர் கோட் தைத்த விரல்கள். தட்டினால் நன்றாகக் கேட்கும்.

நாகசுப்பிரமணியனின் முகம் மலர்ந்தது. தலையை லேசாகத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். குரலை ஒரு படி உயர்த்தினார்.

டொக் டொக். டொக் டொக். இப்போது மூன்று பேர்.

சுவரோரத்தில் மணிவாசகம் உற்சாகம் தாங்காமல் பக்கத்திலிருந்த புத்தக அலமாரியைத் தட்டினார். “பாத்தீங்களா மதினி? வெள்ளைக்காரங்க! வெள்ளைக்காரங்களே தட்டுறாங்க!”

கமலினி கண்ணை மூடிக்கொண்டாள்.

“மன்னிக்கவும்,” என்றார் மிஸ்டர் அப்ரமோவிச். “இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

“பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இது பொதுவான உண்மை.”

மேஜை முழுக்கத் தட்டியது. நாகசுப்பிரமணியன் புன்னகையோடு வலது கையை உயர்த்தி, போதும் போதும் என்பதுபோல் அமர்த்தினார்.

எதிரே மதாம் கஞ்ஞோன் என்ற பெண்மணி குனிந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

இதைத்தான் கமலினியால் பொறுக்க முடியவில்லை. ஐந்து நாளாக அவர்மேல் எரிச்சலாக இருந்தது. இந்த இருபது நிமிஷத்தில் அது கொதித்து மேலே வந்திருந்தது. ஆனால் அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் எரிச்சல் திசை மாறியது. அவரைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார்? சிரிக்கும்படி அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது யார்? திங்கட்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இந்நேரம் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அவர் கேட்கட்டும், கேட்கட்டும் என்று காத்திருந்தாளே, அது பொறுமையா? அவர் விழட்டும் என்றுகூட உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்குமோ?

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுந்தாள். நாலு எட்டு நடந்து மேஜைக்கு வந்தாள். விரல் முட்டியால் தட்டினாள்.

டொக் டொக்.

அவர் நிமிர்ந்தார். மற்றவர்கள் தட்டியபோது வந்த புன்னகை வேறு, இது வேறு. பத்தொன்பது வருஷத்தில் அவளிடமிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை என்பதுபோல, அந்தப் பள்ளிக்கூடத்துப் பையனின் முகம் முழுக்க விரிந்தது.

ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

“அது கைதட்டல் இல்லீங்க,” என்றாள் தமிழில், மெதுவாக.

“என்னது?”

“தட்டினா நிறுத்துங்கன்னு அர்த்தம். இந்த நாற்காலியில உக்கார்றவங்க கேள்வி மட்டும்தான் கேக்கணும். புஸ்தகத்தைப் படிச்சவங்கதான் பேசணும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மூணு வருஷமா இங்கதான் வர்றேன். அந்த லெட்டர் எனக்கு வந்தது. கே-ங்கிறது நான்.”

மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் தங்கள் புத்தகங்களைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கிரிஜா வாயில் கை வைத்தாள். அலமாரிமேல் இருந்த மணிவாசகத்தின் கை தானாகக் கீழே இறங்கியது.

நாகசுப்பிரமணியன் அந்த இருபத்தேழு பக்கங்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

கேட்டுவிட்டார். ஐந்து நாளாக, அல்லது பத்தொன்பது வருஷமாக, எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாளோ, ஏறக்குறைய அதுதான். ஒன்பது தடவை சொல்ல வந்தேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்று அவளுக்கே தெரியும்.

அந்த இடைவெளியில் வசுமதி வந்தாள். அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்த புத்தகத்தை அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

“அப்பா, இதுதான் அந்த புக். இதைப் படிச்சாத்தான் இங்க உக்காரலாம்.”

அவர் அதை வாங்கிக்கொண்டார். தாள்களை அடுக்கினார். எழுந்து, மேஜையைப் பார்த்து, “மன்னிக்கவும். தவறு என்னுடையது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் நடுங்கவில்லை. நாற்காலியை அவளுக்கு வசதியாகச் சற்றே திருப்பிவைத்துவிட்டு வெளியே நடந்தார்.

மணிவாசகம் பதறி எழுந்தார். கிரிஜா அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. அண்ணாச்சி என்ன சின்னப் பிள்ளையா?”

கதவு மூடிக்கொண்டது. மேஜை காத்திருந்தது.

பின்னாலேயே போகலாம். போய்ச் சமாதானம் சொல்லலாம். நாளைக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த நாற்காலிக்கு இனி அவளை யாரும் அழைக்க மாட்டார்கள். அவளுக்கும் அழைத்தால் வரத் தைரியம் இருக்காது. இப்போது உட்கார்ந்தால்தான் உண்டு.

உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் அவர் சூட்டோடு இருந்தது.

புத்தகம் கையில் இல்லை. காலண்டர் தாள்களும் பையிலேயே இருந்தன. பரவாயில்லை. அறுபது பக்கமும் அவளுக்கு மனப்பாடம்.

“பதினாலாம் பக்கம்,” என்றாள். “நண்பன் கப்பலை விட்டு இறங்கியதும் என்ன சொல்வான், என்ன சாப்பிடக் கேட்பான் என்று எல்லாம் தனக்குத் தெரியும் என்கிறார் பெரியவர். அதற்கு இளையவர், ‘அப்படியானால் அவன் வந்து சொல்வதற்கு என்ன மிச்சம்?’ என்கிறார். பெரியவர் ஏன் சிரிக்கிறார்?”

யாரும் மேஜையைத் தட்டவில்லை.

“சிரிக்கவில்லை,” என்றார் மிஸ்டர் அப்ரமோவிச் உடனே. “பயந்துபோகிறார்.”

“பயம் என்று எந்த வரியிலிருந்து சொல்கிறீர்கள்?”

பிடித்துக்கொண்டது. மதாம் கஞ்ஞோன் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு மறுத்தாள். இன்னொருவர் அவளை மறுத்தார். கமலினி கேட்டாள், கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். காத்திருக்கும்போது மற்றவர் முகத்தில் ஒரு பதில் மெல்ல உருவாவதைப் பார்ப்பது இத்தனை சுகமாக இருக்குமா? இருபத்துமூன்றாவது கேள்விவரை அவளுக்குக் கணவர் நினைவே வரவில்லை. அது பின்னால் அவளுக்கு உறுத்தியது.

இருபத்துநாலாவது கேள்வியை எடுக்கும்போதுதான் பொறி தட்டியது. கடைசிப் பக்கம்.

ரப்பர் கிடைக்காமல் விட்ட கடைசிப் பக்கம். அதில் அவள் எழுதியிருந்தது புத்தகத்தைப் பற்றியதே இல்லை. ‘ஜனவரி 22. ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம். கையில் டொரான்டோ டிக்கெட். வீட்டில் யாருக்கும் தெரியாது.’

அந்தப் புத்தகம் இப்போது அவர் கையில் இருக்கிறது.

“கமலினி?” என்றார் மிஸ் கார்மைக்கேல். “அடுத்த கேள்வி?”

கேட்டாள். எதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் புத்தகம் படிக்க மாட்டார் என்று தேற்றிக்கொண்டாள். கலைக்களஞ்சியத்தில் ஒரு பத்தி போதும் அவருக்கு. வீட்டுக்குப் போயிருப்பார். பின்சீட்டில் போட்டிருப்பார். ஜன்னல் வழியே கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். மிஸ்டர் அப்ரமோவிச் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். “என்னை மடக்கிவிட்டீர்கள்,” என்றார் சந்தோஷமாக. வாசலில் கிரிஜா வசுமதியின் தோளை அணைத்துக்கொண்டு, “இவ எங்களோட வரட்டும் அக்கா. வழியில ஐஸ்க்ரீம் வாங்கித் தர்றேன்,” என்றாள்.

“இந்தக் குளிர்லயா?” என்றார் மணிவாசகம்.

“நீங்க சும்மா வாங்க. போதும் இன்னிக்கு நீங்க தட்டினது.”

கார் நின்ற இடத்திலேயே நின்றது. குளிருக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளைப் புகை. கமலினி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருபத்தேழு பக்கங்களும் முன்கண்ணாடிக்குக் கீழே சுருண்டு கிடந்தன. புத்தகம் அவர் மடியில், கவிழ்த்து வைத்திருந்தது.

“நல்லா நடந்துச்சா?” என்றார், முன்னால் பார்த்தபடி.

“நடந்துச்சு.”

“கடைசி வரைக்கும் அந்தக் கப்பல் வரவே இல்லையே.”

அவள் திடுக்கிட்டாள். படித்திருக்கிறார். “இல்லை. வராது.”

“அப்போ அவன் எப்படிப்பட்டவன்னு தெரியாமலேயே முடிஞ்சுடுது.”

“ஆமாங்க.”

அவர் புத்தகத்தைத் திருப்பினார். அது எந்தப் பக்கத்தில் திறந்திருந்தது என்பதைப் பார்க்க அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. தடித்த விரல் ஓரத்துப் பென்சில் வரியின் கீழ் மெதுவாக நகர்ந்தது.

“ஜனவரி இருபத்திரண்டு,” என்றார். “அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தப்போ நீ வெண்டைக்காய் வதக்கிட்டிருந்தே. எனக்கு ஞாபகம் இருக்கு. எதுக்கு கமலி டிக்கெட் வாங்கினே?”

ஒரே நாளில் இத்தனை கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“கேள்வி கேக்கிற நாற்காலியில உக்கார்ந்தவங்க பதில் சொல்லக்கூடாது. விதி.”

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வழக்கம்போல அவளுக்காக ஒரு பதிலைத் தானே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். டொரான்டோவில் சேலைக்கடை திறந்திருக்கிறார்கள், அதற்காகத்தானே என்று. அவர் உதடு திறந்ததுகூடத் தெரிந்தது.

மூடிக்கொண்டார்.

“இது லைப்ரரி இல்லை, கமலி,” என்றார். “கார்.”

சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவள் பேசுவதற்காகக் காத்திருந்தார்.